உள்ரெப்போ மெர்ஜ் சோதனை: கான்ஃப்ளிக்ட் என்று கத்தாத இடத்தில்தான் எங்கள் திருத்தம் தொலைந்தது

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர், நான் இங்கே, மற்ற இருவர் கும்பகோணத்தில். நடவு இயந்திரத்தை வாடகைக்கு முன்பதிவு செய்ய ஒரு சின்னச் செயலி வைத்திருக்கிறோம். குறுவை நேரத்தில்தான் அதற்கு வேலை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால், கல்லணைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

கோடை கிட் என்ற பதிப்புக் கருவியில் வைத்திருக்கிறோம். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் தன் மாற்ற வரலாறோடு ஒரு தனி ரெப்போ. வெளியே ‘செயலி’. அதற்குள் சப்மாட்யூலாக, அதாவது உள்ரெப்போவாக, ‘படிவம்’. படிவத்துக்குள் இன்னொரு சப்மாட்யூல், ‘அளவு’. நம் பக்கம் யாரும் ஹெக்டேரில் நிலம் சொல்வதில்லை. குழி, மா, வேலிதான். அந்தக் கணக்கை வேறு செயலியிலும் பயன்படுத்தலாம் என்று தனி ரெப்போவாக வைத்தோம்.

முதலில் யாரோ ஏக்கரை மூன்றால் வகுத்து ஒரு மா 33.33 சென்ட் என்று போட்டிருந்தார்கள். பேச்சு வழக்கில் மூன்று மா ஒரு ஏக்கர் என்பது சரிதான், பில்லுக்கு அது ஆகாது. ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, ஆக 14,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 33.06. இருபது மா சேர்ந்த ஒரு வேலிக்கு 661 சென்ட் வர வேண்டியது 667 வந்துகொண்டிருந்தது. நான் திருத்தி, அளவு, படிவம், செயலி மூன்றிலும் கமிட் (பதிந்த மாற்றம்) ஏற்றி அனுப்பினேன். ஒரு வாரம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு பெரியவர் இரண்டு பில்லையும் கையில் வைத்துக்கொண்டு, “போன வாரம் இருந்த கணக்கு இந்த வாரம் ஏம்ப்பா மாறுச்சு” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். என் திருத்தம் வரலாற்றில் இருக்கிறது. ஓடும் செயலியில் இல்லை. திருப்பிப் போட்ட கமிட் எதுவும் கண்ணில் படவில்லை.

நான்கு இரவு உட்கார்ந்து, தற்காலிகக் கோப்புறையில் மூன்று வெற்று ரெப்போ உருவாக்கி, ஒன்றுக்குள் ஒன்று பொதித்து, ஒவ்வொரு நிலைமையையும் ஷெல் ஸ்கிரிப்ட்டாக ஓட்டிப் பார்த்தேன். உபுண்டு 24.04 உடன் வரும் கிட் 2.43.

மெர்ஜ் செய்யும்போது, அதாவது இரண்டு கிளைகளின் மாற்றங்களை ஒன்றாக்கும்போது, வெளி ரெப்போ உள்ளே எட்டிப் பார்த்துக் கோப்புகளைச் சேர்ப்பதே இல்லை. அதன் மரத்தில் உள்ரெப்போ என்பது 160000 என்ற மோடு போட்ட ஒரே ஒரு வரி, ஒரு கமிட்டின் ஹாஷ், அதாவது அதன் அடையாள எண். ஒரு பக்கம் மட்டும் அந்த ஹாஷை மாற்றியிருந்தால் மாறியதை எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் மாற்றி, ஒன்று மற்றதன் வழிவந்த கமிட்டாக இருந்தால் முன்னே இருப்பதை எடுத்துக்கொண்டு ஃபாஸ்ட்-ஃபார்வர்டு என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. இரண்டும் பிரிந்து போயிருந்தால் கான்ஃப்ளிக்ட், அதாவது மோதல். ஒரு பக்கம் வேண்டுமென்றே பழைய கமிட்டுக்குப் பின்வாங்கி, மறுபக்கம் முன்னே போயிருந்தாலும் கான்ஃப்ளிக்ட்தான். பொது மூதாதையிலிருந்து இரண்டும் முன்னோக்கித்தான் வந்திருக்க வேண்டும் என்று பார்க்கிறது, அது நல்ல விஷயம்.

எங்களைக் கவிழ்த்தது இவற்றில் எதுவும் இல்லை. பில் அச்சிடும் ஒரு டெம்ப்ளேட் கோப்பில் சாதாரண வரி மோதல். அதே மெர்ஜில் படிவத்தின் ஹாஷ் மோதல் இல்லாமல் புதியதற்கு நகர்ந்துவிட்டது, ஆனால் இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்குத் தயாராக இருக்கும் பட்டியலில்) மட்டும். படிவம் கோப்புறைக்குள் இருந்தது பழைய கமிட்டேதான், ஏனென்றால் கிட் மெர்ஜ் உள்ரெப்போவின் கோப்புகளைத் தொடாது. டெம்ப்ளேட்டைத் திருத்தியவர் கிட் ஆட் டாட் (கோப்புறையில் மாறிய எல்லாவற்றையும் இண்டெக்ஸில் ஏற்றும் கட்டளை) அடித்துக் கமிட் செய்தார். அந்தப் புள்ளி ஒன்று படிவத்தின் பழைய ஹாஷை மறுபடி இண்டெக்ஸில் ஏற்றிவிட்டது. ஸ்கிரிப்ட்டில் பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் அப்படியே.

ரிவ்யூவில் ஏன் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மெர்ஜ் கமிட்டை கிட் ஷோ காட்டும்போது, இரண்டு பெற்றோரிடமிருந்தும் (சேர்ந்த இரு கிளைகளின் கடைசிக் கமிட்டுகள்) மாறுபட்ட கோப்புகளை மட்டுமே காட்டும். படிவத்தின் ஹாஷ் ஒரு பெற்றோரோடு அப்படியே ஒத்துப்போனதால் அந்த வரி திரையிலேயே வரவில்லை. மைனஸ் எம் போட்டு ஒவ்வொரு பெற்றோரோடும் தனித்தனியாக ஒப்பிட்ட பிறகுதான் கண்டேன்.

இதைத் தடுக்க ஏதாவது அமைப்பு உண்டா? உங்கள் இடத்தில் எப்படிச் சோதிக்கிறீர்கள்?

---

அரசலாறு

கும்பகோணம். நானும் இரண்டு வருடமாக சப்மாட்யூல் வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்வது எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. சப்மாட்யூல் டாட் ரிகர்ஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று வையுங்கள், உள்ரெப்போ தானாக நகரும். மெர்ஜ் முடித்து ஸ்டேட்டஸ் பார்க்காமல் ஆட் டாட் அடித்தது ஆளின் தவறு, கருவியின் தவறு இல்லை.

---

வெண்ணாற்றங்கரை

அண்ணே, அதையும் சோதித்தேன். ஒரு கேள்வி: நீங்கள் கிட் புல் அடிக்கிறீர்களா, ஃபெட்ச் செய்துவிட்டு கிட் மெர்ஜ் அடிக்கிறீர்களா? (புல் என்றால் இறக்குவதும் சேர்ப்பதும் ஒன்றாக, ஃபெட்ச் இறக்குவது மட்டும்.)

---

அரசலாறு

புல்தான். எப்போதும் புல்தான்.

---

வெண்ணாற்றங்கரை

அங்கேதான் வித்தியாசம். அந்த அமைப்பு எந்தெந்தக் கட்டளைக்குப் பொருந்தும் என்று கிட் ஆவணத்தில் பட்டியலே இருக்கிறது. செக்அவுட், ஃபெட்ச், புல், புஷ், ரீசெட், ஸ்விட்ச் என்று போகும் அந்த வரிசையில் மெர்ஜ் இல்லை. புல் என்றால் மெர்ஜ் முடிந்ததும் சப்மாட்யூல் அப்டேட்டையும் அதுவே ஓட்டிவிடுகிறது. நேரடி மெர்ஜ் ஓட்டாது. புல்லிலும்கூட நடுவில் மோதல் வந்து நின்றுவிட்டால் அந்த அப்டேட் நடப்பதில்லை, அதாவது எங்களுக்கு நேர்ந்த அதே நிலைமை. உங்களுக்கு இதுவரை வராததற்குக் காரணம், உங்கள் புல் எதுவும் இன்னொரு கோப்பின் மோதலோடு சேர்ந்து வரவில்லை என்பது மட்டும்தான். ஸ்கிரிப்ட்டை அனுப்புகிறேன், ஓட்டிப் பாருங்கள்.

---

முக்கொம்பு

திருச்சியிலிருந்து. நான் நேராகவே சொல்கிறேன்: மூன்று பேர் எழுதும் கோடுக்கு மூன்று ரெப்போ எதற்கு? எல்லாவற்றையும் ஒரே ரெப்போவில் போடுங்கள். அளவு வேறு இடத்துக்கும் வேண்டுமென்றால் கிட் சப்ட்ரீ இருக்கிறது. அதில் உள்ளே வருவது உண்மையான கோப்பு, மோதினால் 33.33 ஒரு பக்கம், 33.06 ஒரு பக்கம் என்று வரியாகவே முன்னால் நிற்கும். சப்மாட்யூலில் இரண்டு ஹாஷைப் பார்த்து எது சரி என்று யார் சொல்ல முடியும்? மோதல் என்று வந்தால் மனிதனுக்குப் படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் என் அளவுகோல்.

சப்ட்ரீயிலும் தொல்லை உண்டு. ஸ்குவாஷ் போட்டு இழுத்தால் உள்ளே இருந்த வரலாறு ஒரே கமிட்டாகச் சுருங்கும், திருப்பி மேலே அனுப்பும்போது பொறுமை வேண்டும். ஆனால் திருத்தம் சத்தமில்லாமல் மறையாது.

---

கடைமடை

திருத்துறைப்பூண்டி. முக்கொம்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் எல்லோருக்கும் அது ஒத்துவராது. எங்கள் இடத்தில் அளவு போன்ற ஒரு ரெப்போவை ஐந்து செயலிகள் பகிர்கின்றன, அனுமதி வேறு வேறு ஆட்களுக்கு. அதனால் சப்மாட்யூலோடு வாழப் பழகிக்கொண்டேன்.

வெண்ணாற்றங்கரைத் தம்பி, உங்கள் சோதனையில் மூன்றாவது அடுக்கில் உண்மையான மோதலை வைத்துப் பார்த்தீர்களா? தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வரும். இந்த மோதலைத் தீர்ப்பது நேர் எதிர், கடைமடையில் ஆரம்பித்துத் தலைமடைக்கு ஏற வேண்டும். வெளியே மெர்ஜ் அடித்தால் ‘படிவத்தில் மோதல்’ என்று மட்டும் சொல்லும். அதற்குக் கீழே அளவும் மோதுகிறதா என்று அதற்குத் தெரியாது, சொல்லவும் சொல்லாது. படிவத்துக்குள் போய் அந்த இரண்டாவது ஹாஷை மெர்ஜ் அடித்த பிறகுதான் ‘அளவில் மோதல்’ வரும். அளவுக்குள் போய் மெர்ஜ் அடித்தால் அங்கேதான் வரி வரியாக நிஜச் சண்டை. அதைத் தீர்த்துக் கமிட், மேலே வந்து கிட் ஆட் அளவு, கமிட், இன்னும் மேலே வந்து கிட் ஆட் படிவம், கமிட். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே பழைய ஹாஷ் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. சப்மாட்யூல் அப்டேட் ஓட்டிய பிறகு உள்ளே எந்தக் கிளையிலும் நாம் நிற்பதில்லை, டிடாச்டு ஹெட். அந்த நிலையிலேயே மோதலைத் தீர்த்துக் கமிட் போட்டால், அந்தக் கமிட்டைப் பிடித்துக்கொள்ளக் கிளை எதுவும் இல்லை. அடுத்த அப்டேட்டில் கால் வேறிடம் போய்விடும், அரை நாள் வேலையை ரெஃப்லாக்கில் (முன்பு நின்ற கமிட்டுகளின் பதிவேட்டில்) தேட வேண்டியதாகும். உள்ளே போனதும் முதல் வேலை ஒரு கிளை போடுவது.

மெர்ஜ் கமிட்டை உள்ரெப்போவிலிருந்து புஷ் செய்யாமல் (பொதுச் சர்வருக்கு ஏற்றாமல்) வெளி ரெப்போவை மட்டும் புஷ் செய்துவிட்டு ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், பொங்கல் விடுமுறை. வெளி ரெப்போ காட்டும் ஹாஷ் அவர் மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது. மூன்று நாள் யாராலும் பில்டு எடுக்க முடியவில்லை. புஷ் டாட் ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் என்பதை செக் என்று வைத்தால், உள்ளே புஷ் ஆகாத கமிட்டைச் சுட்டும் வெளி புஷ்ஷை கிட் தடுத்துவிடும். ஆன்-டிமாண்ட் என்று வைத்தால் உள்ளதையும் சேர்த்துத் தள்ளப் பார்க்கும். நான் செக் வைத்திருக்கிறேன். எது போகிறது என்று தெரிந்தே போகட்டும்.

---

நாற்றங்கால்

அண்ணே, அக்கா, நான் தஞ்சாவூரில் இறுதி ஆண்டு படிக்கிறேன். ஸ்கிரிப்ட்டை மாதிரி நானும் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், முதல் படியிலேயே நின்றுவிட்டது. பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் ரெப்போவை சப்மாட்யூலாகச் சேர்க்கப் போனால் ‘ஃபைல் டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லை’ என்று வருகிறது. பழைய பயிற்சிப் பக்கங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் சேர்க்கிறார்கள். நான் என்ன தவறு செய்கிறேன்?

---

வெண்ணாற்றங்கரை

தவறு ஒன்றும் இல்லை தம்பி, எனக்கும் முதல் இரவு அதிலேயே போனது. 2022 அக்டோபரில் வந்த 2.38.1 பதிப்பில், ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, லோக்கல் பாதையிலிருந்து சப்மாட்யூல் குளோன் (நகல்) ஆவதை இயல்பாகவே தடுத்துவிட்டார்கள். பயிற்சிப் பக்கங்கள் அதற்கு முந்தியவை. புரோட்டோகால் டாட் ஃபைல் டாட் அலௌ என்பதை ஆல்வேஸ் என்று கொடுக்க வேண்டும். ரெப்போவின் சொந்த கான்ஃபிக்கில் எழுதினால் எடுபடாது, ஏனென்றால் உள்ளே குளோன் செய்யும் புராசஸ் அதைப் படிப்பதில்லை. கட்டளையிலேயே மைனஸ் சி போட்டுக் கொடு.

நான் செய்தது வேறு. ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் ஹோம் என்ற சூழல் மாறியைத் தற்காலிகக் கோப்புறைக்கு மாற்றிவிட்டு, அங்கே ஒரு குளோபல் கான்ஃபிக் எழுதினேன். சோதனைக்காகத் திறந்த கதவு உன் நிஜக் கணக்கில் திறந்து கிடக்கக் கூடாது. உன் சொந்த அமைப்புகளும் சோதனை முடிவில் கலக்காது.

அதே நேரம் இன்னொரு நிலைமையையும் சேர்த்துக்கொள். உள்ரெப்போவின் ஹாஷ் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆகும் ஒரு மெர்ஜை இரண்டு குளோன்களில் ஓட்டு. ஒன்றில் உள்ரெப்போ இறக்கி வைத்திருக்கட்டும், மற்றதில் வெறும் கோப்புறை. முதலாவதில் தானாகத் தீரும். இரண்டாவதில் ‘செக்அவுட் ஆகவில்லை’ என்று கான்ஃப்ளிக்ட். எது முன்னே எது பின்னே என்று பார்க்க உள்ளே இருக்கும் வரலாறு அதற்கு வேண்டுமே.

---

குடமுருட்டி

திருவையாறு. வயதானவன் ஒருவனின் அனுபவத்தையும் கேளுங்கள். கிட்டுக்கு முன் நான் மெர்க்குரியலில் பல வருடம் வேலை செய்தேன். அங்கே இதற்குப் பெயர் சப்ரெப்போ. டாட் எச்ஜி சப் என்ற கோப்பில் பாதை, டாட் எச்ஜி சப்ஸ்டேட் என்ற கோப்பில் எந்தக் கமிட். மெர்ஜில் இரண்டும் பிரிந்திருந்தால் அது நின்று கேட்கும்: சேர்க்கவா, நம்முடையதை வைக்கவா, எதிர்ப்பக்கத்ததை வைக்கவா. சேர் என்றால் உள்ளே இறங்கி மெர்ஜையே நடத்தும். கிட்டைவிட அந்த விஷயத்தில் மேலாக இருந்தது என்றுதான் இன்றும் சொல்வேன். அப்படியிருந்தும் மெர்க்குரியல் செய்தவர்களே தங்கள் விக்கியில் சப்ரெப்போவை ‘வேறு வழியே இல்லாதபோது’ பயன்படுத்தும் வசதிகளின் வரிசையில் வைத்திருந்தார்கள். சப்வெர்ஷனின் எக்ஸ்டர்னல்ஸும் பார்த்தேன், அது ஒரு கோப்புறையின் பண்பில் எழுதிய முகவரி, அவ்வளவுதான்.

ஆக எந்தக் கருவியும் இதை முழுதாகத் தீர்க்கவில்லை. கிட் 2.38லிருந்து சப்மாட்யூல் மோதல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதிக் காட்டுகிறது. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களிடம் 2.34 இருக்கும், அவர்களுக்கு அந்தக் குறிப்பு வராது. ஒரே குழுவில் இருவர் இருவேறு செய்தி பார்த்துக் குழம்புவதற்கு அது ஒரு காரணம். சோதனை எழுதும்போது செய்தியின் சொற்களைப் பிடிக்காதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். இண்டெக்ஸைப் பாருங்கள். எல்எஸ்-ஃபைல்ஸ் மைனஸ் யூ கொடுத்தால் 1 பொது மூதாதை, 2 நம்முடையது, 3 எதிர்ப்பக்கம் என்று மூன்று ஹாஷ் கிடைக்கும். அது மாறுவதில்லை.

---

அரசலாறு

ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். வெண்ணாற்றங்கரை சொன்னது சரி, புல்லிலும் வருகிறது. ஆளின் தவறு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆட் டாட் எல்லோரும் அடிப்பதுதான்.

தடுப்பதற்கு ஒரு வழி வைக்கிறேன். போஸ்ட்-மெர்ஜ் ஹுக்கில் (மெர்ஜ் முடிந்ததும் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) சப்மாட்யூல் அப்டேட் போடலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் மோதலில் நின்ற மெர்ஜுக்கு அந்த ஹுக் ஓடாது. அதனால் கமிட்டுக்கு முன் ஓடும் ப்ரீ-கமிட் ஹுக். ஒவ்வொரு சப்மாட்யூலுக்கும் இண்டெக்ஸில் இருக்கும் ஹாஷையும் ஹெட்டில் (நாம் நிற்கும் கமிட்டில்) இருக்கும் ஹாஷையும் எடுத்து, மெர்ஜ்-பேஸ் கட்டளையில் இஸ்-ஆன்செஸ்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக ஏற்றுவது பழையதன் மூதாதை என்றால், அதாவது பின்னால் போகிறது என்றால், கமிட்டை நிறுத்திவிடும்.

---

கடைமடை

அரசலாறு, அந்த ஹுக் இந்த இழையின் முதல் பதிவில் இருக்கும் சம்பவத்தைப் பிடிக்காது. யோசித்துப் பாருங்கள். மெர்ஜ் நடுவில் ஹெட் என்பது நம் பக்கம், அங்கே பழைய ஹாஷ். ஆட் டாட் ஏற்றியதும் அதே பழைய ஹாஷ். இரண்டும் ஒன்று, உங்கள் ஹுக்குக்கு மாற்றமே தெரியாது. புதிய ஹாஷ் இருப்பது எதிர்ப்பக்கத்தில். எதிர்ப்பக்கக் கமிட்டைக் குறித்து வைக்கும் மெர்ஜ் ஹெட் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் ஹாஷோடும் ஒப்பிட வேண்டும். கிட் ஷோ கண்ணில் காட்டாமல் விட்ட அதே ஓட்டைதான் இங்கேயும்.

---

அரசலாறு

ஆமாம் அக்கா. இப்போது ஓட்டிப் பார்த்தேன், விட்டுவிட்டது. மெர்ஜ் ஹெட்டையும் சேர்த்ததும் பிடிக்கிறது. ஹுக் குளோனோடு வராது என்பதால் இதையே சிஐ-யிலும் (சர்வரில் தானாக ஓடும் சோதனை) வைக்கிறேன், அங்கே மெர்ஜ் கமிட்டின் எல்லாப் பெற்றோரோடும் ஒப்பிடும்படி. டிஃப் டாட் சப்மாட்யூல் என்பதை லாக் என்று வைத்திருப்பதும் உதவுகிறது. வெறும் ஹாஷுக்குப் பதில் உள்ளே எந்தெந்தக் கமிட் கூடியது, எது போனது என்று தலைப்போடு காட்டும், பின்னால் போனால் ‘ரீவைண்ட்’ என்றே எழுதும்.

---

நாற்றங்கால்

ஓடிவிட்டது அண்ணே, நன்றி. ஒன்று கூடுதலாகப் பார்த்தேன். இரண்டு கிளையிலும் தனித்தனியாகப் புதிய சப்மாட்யூல் சேர்த்து மெர்ஜ் அடித்தால், டாட் கிட்மாட்யூல்ஸ் கோப்பின் கடைசியில் சாதாரண வரி மோதல் வருகிறது. அந்த மோதல் குறிகள் கோப்பில் இருக்கும்வரை சப்மாட்யூல் கட்டளைகளே வேலை செய்யவில்லை, கான்ஃபிக் வரி தவறு என்று நின்றுவிடுகிறது. அதை முதலில் சரிசெய்த பிறகுதான் மற்றது நகர்ந்தது.

---

கடைமடை

நல்லாப் பார்த்திருக்கே தம்பி. அதை ஸ்கிரிப்ட்டில் தனிச் சோதனையாகச் சேர்.

வெண்ணாற்றங்கரைக்கு ஒரு கேள்வி. ஹாஷ் பின்வாங்கியதா என்று இவ்வளவு காவல் வைக்கிறோம், சரி. செயலியின் சோதனைத் தொகுப்பில் ஒரு வேலி எத்தனை சென்ட் என்று கேட்கும் சோதனை இருந்ததா?

---

வெண்ணாற்றங்கரை

இல்லை அக்கா. அளவு ரெப்போவுக்குள் இருந்தது, வெளியே இல்லை. அளவு பழைய கமிட்டுக்குப் போனபோது அந்தச் சோதனையும் கூடவே பழையதாகிவிட்டது, 33.33 சரி என்று சொல்லும் பழைய சோதனை. உள்ளே எல்லாம் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

நேற்று இரவு செயலியிலேயே சேர்த்துவிட்டேன்: ஒரு வேலி கொடுத்தால் 661 சென்ட் வர வேண்டும். பிறகு அந்தப் பழைய மெர்ஜ் கமிட்டை எடுத்து, மூன்று அடுக்கையும் அதன் நிலைக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். 667 என்று சிவப்பில் நின்றது. அரசலாறு அண்ணனின் ஹுக்கும் சிஐ சரிபார்ப்பும் ஏறிவிட்டன. முக்கொம்பு அண்ணே, ஒரே ரெப்போவாக்குவது பற்றிக் கும்பகோணத்தில் இருவரிடமும் பேசிவிட்டேன், குறுவை நடவு முடிந்ததும் படிவத்தைச் செயலிக்குள் சேர்க்கிறோம், அளவு மட்டும் சப்மாட்யூலாக இருக்கும். அந்தப் பெரியவருக்கு அதிகம் வாங்கிய தொகையை நேற்றே கொடுத்தாயிற்று, அந்த வாரம் பில் போன மற்றவர்களின் பட்டியலை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.